குன்னூர் மாடி டியூஷன்: கணக்குக்குத் தாராளமாகச் சேரலாம், சட்டத்துக்கு வேறு வழி பாருங்கள்

பி.காம். முடிக்கப்போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, சி.ஏ., சி.எம்.ஏ. எல்லாம் மலையிலேயே இருந்துகொண்டு படிக்க முடியுமா? கீழே போய் ஹாஸ்டலில் தங்கித்தான் ஆகணுமா?" சி.ஏ. என்பது பட்டயக் கணக்காளர் படிப்பு, சி.எம்.ஏ. என்பது செலவுக் கணக்காளர் படிப்பு. கணக்குப் பாடங்களுக்காகக் கீழே சமவெளிக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். குன்னூரிலேயே ஒரு நல்ல டியூஷன் இருக்கிறது. நான் அங்கே படித்தவள். அதன் நிறையையும் குறையையும் முழுசாக எழுதிவிடுகிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெட்ஃபோர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும் வழியில், ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டின் மேல்மாடியில் நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. "டைப்பிங் மாடி" என்று கேட்டால் ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் கை காட்டுவார்கள். நடத்துகிறவர் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் இங்கே 'சார்' என்றே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கட்டபெட்டுப் பக்கம் ஊர். வீட்டில் கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட். பிளஸ் டூ வரை தமிழ் வழி. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது இந்த டியூஷனில் சேர்ந்தேன். அப்புறம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் சி.எம்.ஏ.வின் இடைநிலைத் தேர்வான இன்டரில் இரண்டு குரூப்பையும் முடித்தேன். இப்போது கடைசிக் கட்டமான ஃபைனலுக்குப் படிக்கிறேன்.

சாரின் வகுப்பில் முதல் மாதம் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள். வீட்டில் இருக்கும் காகிதங்களை எடுத்துக்கொண்டு வரச் சொல்வார். தொழிற்சாலை கொடுத்த இலைச் சீட்டு, மண்டிச் சீட்டு, கடை பில், கரண்ட் பில், அம்மாவின் குழுக் கடன் அட்டை, வங்கி பாஸ்புக் என்று எது இருந்தாலும் சரி. ஒவ்வொரு காகிதத்துக்கும் யார் கொடுத்தார், யார் வாங்கினார், என்ன வந்தது, என்ன போனது என்று கேட்டு, குறிப்பேட்டுப் பதிவு எழுத வைப்பார். பாஸ்புக்கில் வரவு என்று இருப்பது நம் ரொக்க ஏட்டில் ஏன் பற்றுப் பக்கம் வருகிறது என்று கல்லூரியில் எத்தனையோ பேர் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவார்கள். சார் அந்தப் பாஸ்புக்கையே நடுவில் வைத்து, "இது வங்கி எழுதின புத்தகம். அவங்க கணக்குல நீ அவங்களுக்குக் கடன் கொடுத்தவ" என்பார். பாஸ்புக்கையும் ரொக்க ஏட்டையும் ஒத்துப் பார்க்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் அதற்குப் பிறகு யாருக்கும் பயமாக இருந்ததில்லை.

விற்றுக் கொடுக்கச் சொல்லி இன்னொருவருக்குச் சரக்கு அனுப்புவதைப் பற்றிய கன்சைன்மென்ட் பாடத்தை அவர் நடத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தான் இறங்குகிறது. லோடு லாரியில் ஏறிப் போய்விட்டதால் விற்பனை ஆகிவிட்டதா? ஆகவில்லை. மண்டியில் கிடக்கிற மூட்டை இன்னமும் விவசாயியுடையதுதான். மண்டிக்காரர் விற்றுக் கொடுப்பவர், அவருக்குக் கமிஷன். இதை ஒரு மண்டிச் சீட்டை வைத்தே விளக்குவார். மூட்டை எண்ணிக்கை, விலை, அதிலிருந்து கழித்த லாரி வாடகை, இறக்கு கூலி, கமிஷன், கடைசியில் கைக்கு வருகிற தொகை எல்லாம் அந்தச் சிறிய சீட்டில் இருக்கும். விற்றுக் கொடுத்தவர் அனுப்பும் கணக்கு, புத்தகத்தில் அக்கவுன்ட் சேல்ஸ் என்று ஒரு பக்கம் நீளும் படிவம் இதேதான்.

அடுத்த கேள்வி, மார்ச் 31 அன்று மண்டியில் விற்காமல் கிடக்கும் மூட்டையை என்ன மதிப்புக்கு எழுதுவது? விளைவித்த செலவோடு, சரக்கு மண்டிக்குப் போய்ச் சேரும்வரை ஆன ஏற்று கூலி, லாரி வாடகை, இறக்கு கூலி ஆகியவற்றின் பங்கையும் சேர்க்கலாம். அதற்குப் பின்னால் வரும் கிடங்கு வாடகையையும் கமிஷனையும் சேர்க்கக் கூடாது. வழியில் கேரட் வாடி எடை குறைந்தால் அது இயல்பான இழப்பு. மீதிச் சரக்குத்தான் அதைச் சுமக்கும், ஒரு கிலோவின் அடக்கவிலை கொஞ்சம் ஏறும். மலைப்பாதையில் பர்லியார் வளைவில் லாரி கவிழ்ந்தால் அது அசாதாரண இழப்பு. அதைத் தனியாகப் பிரித்து இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்கினவன் பணம் தராமல் ஏமாற்றினால் யார் தலையில் விழும் என்று எங்கள் வகுப்பில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. வாங்கினவன் பணத்துக்குத் தானே பொறுப்பு என்று கூடுதலாக வாங்கும் டெல் கிரெடரி கமிஷன் வாங்கியிருந்தால் மண்டிக்காரர் தலையில், வாங்காவிட்டால் விவசாயி தலையில். விவசாய வீட்டுப் பிள்ளைகள் யாரும் அதை மறக்கவே மாட்டார்கள்.

செலவுக் கணக்கான காஸ்டிங்தான் அவருடைய கோட்டை. கட்டம் கட்டமாக நடக்கும் உற்பத்தியின் செலவைக் கணக்கிடும் புராசஸ் காஸ்டிங்கைப் புத்தகத்தில் ஏ புராசஸ், பி புராசஸ் என்று படித்துக் குழம்பியவர்கள் இந்த வகுப்பில் கட்டாயம் உட்கார வேண்டும். சார் தொழிற்சாலையையே கரும்பலகைக்குக் கொண்டுவந்துவிடுவார். இலையை வாட்டுவது, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரத்தில் அரைப்பது, புளிக்க விடுவது, உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது. பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். நான்கு கிலோவுக்குச் சற்று அதிகமான இலை போட்டால் ஒரு கிலோ தூள் வரும். இதுதான் இயல்பான இழப்பு, இதில் யார் தப்பும் இல்லை.

அவர் போட்ட ஒரு கணக்கு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. 10,000 கிலோ இலை, கிலோ 20 ரூபாய். கூலி, விறகு, மின்சாரம் எல்லாம் சேர்த்து 64,000. மொத்தச் செலவு 2,64,000. நூற்றுக்கு 24 கிலோ தூள் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 2,400 கிலோ. ஒரு கிலோவின் அடக்கம் 110 ரூபாய். ஆனால் கிடைத்தது 2,300 கிலோதான். செலவை 2,300ஆல் வகுத்தால் கிலோவுக்கு 114 ரூபாய் 78 காசு வரும். வகுத்துவிட்டுப் போகலாம், கணக்கு சரியாகவே இருப்பதுபோலத் தெரியும். சார் விட மாட்டார். "அந்த நூறு கிலோ எங்கம்மா போச்சு?" என்பார். 110 ரூபாய் வீதம் 11,000 ரூபாயை அசாதாரண இழப்பு என்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். அப்போதுதான் முதலாளியின் கண்ணில் அது படும். உலர்த்தும் எந்திரத்தில் கருகியதா, எடை போடும்போது பிசகியதா, யாராவது எடுத்துப் போனார்களா என்று விசாரிப்பார். செலவுக் கணக்கு எதற்காக இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அந்த நாளில்தான். சி.ஏ.வைவிட சி.எம்.ஏ. எடுப்போம் என்று நான் முடிவு செய்ததற்கும் இந்த வகுப்புகள்தான் காரணம். 35 கோடியோ அதற்கு மேலோ விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் செலவுப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு விதிகள் சொல்லும் தொழில்களில் தேயிலையும் ஒன்று. நம் மலையில் இந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை நாளில் இலையில் தண்ணீர் ஒட்டியிருக்கும் என்று தொழிற்சாலையில் எடையைக் கழிப்பார்கள். எங்கள் அப்பா ஒவ்வொரு மழைக்காலமும் இதற்காகக் கோபப்படுவார். சார் இதையும் வகுப்பில் எடுத்தார். கழிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு கழிக்கலாம் என்பதற்குத் தூள் வரத்துக் கணக்கு சாட்சி. ஈர இலை என்று அதிகமாகக் கழித்துவிட்டால், அந்த நாள்களில் நூற்றுக்கு இவ்வளவு தூள் என்ற விகிதம் வழக்கத்தைவிட ஏறித் தெரியும். விவசாயி பக்கமும் தொழிற்சாலைப் பக்கமும் ஒரே தாளில் தெரிகிற மாதிரி அவர் அதை எழுதிக் காட்டினார். அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் அதை மடித்து இலைச் சீட்டுகளோடு வைத்துக்கொண்டார்.

கூட்டாண்மைக் கணக்கும் நன்றாக நடத்துவார். 1904ஆம் ஆண்டு கார்னர்-முர்ரே வழக்கை எல்லோரும் விதியாகப் படிப்போம். நொடித்துப்போன கூட்டாளியின் பற்றாக்குறையை மற்றவர்கள் இலாப விகிதத்தில் ஏன் பிரிக்கக் கூடாது, அவரவர் போட்ட முதலின் விகிதத்தில் ஏன் பிரிக்க வேண்டும் என்ற கேள்வியைச் சாரே எழுப்பி, வியாபாரத்தில் வந்த நட்டம் வேறு, முதல் போட்டவர் கொடுக்க முடியாமல் போனதால் வந்த நட்டம் வேறு என்று பிரித்துக் காட்டுவார். புதிய கணக்கியல் தரங்களிலும் தேயிலை சம்பந்தப்பட்டது என்றால் உற்சாகமாகிவிடுவார். தேயிலைச் செடி நிலையான சொத்து, செடியில் நிற்கும் இலை உயிரியல் சொத்து, பறித்த இலை சரக்கிருப்பு என்று அவர் சொன்னதை நான் தேர்வில் அப்படியே பயன்படுத்தியிருக்கிறேன்.

மார்ச் மாதத்தில் டியூஷனின் சொந்தக் கணக்கையே எங்களிடம் கொடுத்துவிடுவார். ரசீதுப் புத்தகம், வாடகை ரசீது, சாக்பீஸ் பில், ஜெராக்ஸ் பில் எல்லாம் மேஜைமேல் வைத்து, பெறுதல் செலுத்தல் கணக்கும் வருவாய் செலவினக் கணக்கும் எழுதச் சொல்வார். இன்னும் கட்டணம் தராதவர்கள், ஏப்ரலுக்கு முன்பணம் கட்டியவர்கள், நாற்காலிகளின் தேய்மானம் எல்லாம் அதில் வரும். வருமானத்தை மாணவர்களிடம் மறைக்காத வாத்தியாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால்தான் கட்டணம் அதிகம் என்று யாரும் முணுமுணுப்பதும் இல்லை. பி.காம். பாடங்களுக்கு மாதம் 1,200, சி.ஏ., சி.எம்.ஏ. இன்டர் கணக்கும் காஸ்டிங்கும் சேர்த்து 1,800. கட்டாவிட்டால் வகுப்பைவிட்டு வெளியே அனுப்ப மாட்டார், கடனாளிகள் பட்டியலில் எழுதிக்கொள்வார். எங்களையே எழுதவும் சொல்வார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

சட்டப் பாடங்களுக்கு இங்கே வர வேண்டாம். ஒப்பந்தச் சட்டமும் கம்பெனிச் சட்டமும் சார் வேகமாக வாசித்துவிட்டுப் போவார். தணிக்கையும் அப்படித்தான். வரியில் பாதிக் கிணறு. தேயிலை விளைவித்து அங்கேயே தூளாக்கினால் வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம், 40 சதவீதம்தான் வரிக்கு உரிய தொழில் வருமானம் என்ற விதியை அவரைப்போல யாரும் விளக்க முடியாது. பச்சை இலையை மட்டும் விற்கும் எங்களைப் போன்றவர்களுக்கு முழுவதுமே விவசாய வருமானம் என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஆனால் மற்ற அத்தியாயங்களின் குறிப்புகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களோடு இருக்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற பிரிப்பே அதில் இல்லை. பழைய குறிப்பை வைத்துக்கொண்டு புதிய தேர்வு எழுதப் போவது ஆபத்து. அவரிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

இன்னொரு பெரிய குறை, பல விடைத் தேர்வுக் கேள்விகளுக்கு அவர் பயிற்சி கொடுப்பதில்லை. சி.ஏ. இன்டரில் 30 சதவீத மதிப்பெண் அந்த வகைதான். சி.ஏ.வின் தொடக்கத் தேர்வான ஃபவுண்டேஷனில் இரண்டு தாள் முழுக்கவே அப்படி, தப்பாக எழுதினால் கால் மதிப்பெண் கழியும். சார் நீளக் கணக்கைத்தான் நம்புகிறார். இதை நீங்களேதான் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். சி.ஏ. இன்ஸ்டிட்யூட், சி.எம்.ஏ. இன்ஸ்டிட்யூட் இரண்டுமே தங்கள் பாடப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகக் கொடுக்கின்றன. மாதிரித் தேர்வுத் தாள்களும் கிடைக்கின்றன. சிக்னல் உள்ள இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் சட்டத்தையும் தணிக்கையையும் அப்படித்தான் படித்தேன். தினமும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் படிக்கச் சட்டம் தோதான பாடம், கணக்கு அப்படி முடியாது.

தமிழ் வழியில் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். சார் விளக்குவது தமிழில், எழுத வைப்பது ஆங்கிலத்தில். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே 'பீயிங்' என்று தொடங்கும் விளக்கக் குறிப்பு இல்லாமல் நோட்டை வாங்க மாட்டார். முதல் இரண்டு மாதம் கை வலிக்கும். அப்புறம் கல்லூரிப் பரீட்சையிலேயே வித்தியாசம் தெரியும்.

வேலைக்குத் தயார்ப்படுத்துவதில் பாதி நல்லது, பாதி போதாது. கணக்கு மென்பொருளான டேலி கற்றுக்கொடுக்க ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. F5 செலுத்துதல், F6 பெறுதல், F7 ஜர்னல் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வைப்பார். டேலிக்கு, கீழ்த்தளத்து டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டிலேயே தனியாகச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டை என்னைக் காப்பாற்றிய பொருள். மாதந்தோறும் எதற்கு எது கடைசித் தேதி என்று அதில் இருக்கும்: 7ஆம் தேதி பிடித்த வரியான டி.டி.எஸ்., 11ஆம் தேதி விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்.-1, 15ஆம் தேதி தொழிலாளர்களுக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.யின் மாதச் சுருக்கப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இந்தத் தேதிகள் எனக்கு மனப்பாடமாக இருந்தன. இன்டர்வியூவில் பச்சை இலைக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்று கேட்டார்கள். இலைக்குக் கிடையாது, தூளுக்கு 5 சதவீதம் என்று சொன்னேன். அதுவும் சார் வகுப்பில் கேட்டதுதான்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெஞ்சுகள் குறுகல். ஒரு ஜன்னல் சரியாக மூடாது, டிசம்பரில் மூடுபனி உள்ளே வரும். ஸ்வெட்டர் போதாது, குல்லாவும் வேண்டும். கழிப்பறை கீழே டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டோடு பொது, ஆனால் சுத்தமாக இருக்கும். தட்டச்சு எந்திரச் சத்தம் காலை முழுக்கக் கேட்கும், பழகிவிடும். ஜெராக்ஸ் குறிப்புகள் மங்கல், பக்கத்து ஆளின் நோட்டைப் பார்த்துத்தான் சில எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

நேரம் நம் ஊருக்கு ஏற்றது. சாயங்கால வகுப்பு ஐந்தரைக்கே முடிந்துவிடும். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும், தள்ளியிருக்கும் ஹட்டி எனும் மலைக் கிராமங்களிலிருந்தும் வருகிற பெண்பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், காட்டெருமையும் கரடியும் நடமாடும் பாதைகள் இவை. வகுப்பு நீண்டுவிட்டால் சார் தானே கடிகாரத்தைப் பார்த்து அனுப்பிவிடுவார். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்த நாள்களில் வகுப்பு தள்ளிப்போகும், ஆனால் விட்டுப்போனதைக் கட்டாயம் எடுத்துவிடுவார். ஏப்ரல், மே சீசனில் பஸ்கள் நகராது என்பதால் எல்லா வகுப்பும் அதிகாலைக்கு மாறும்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய கோச்சிங் சென்டரில் மாதிரி வகுப்புக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய ஹால், மைக், திரையில் ஓடும் ஸ்லைடு. பாடம் நன்றாகத்தான் இருந்தது. சந்தேகம் கேட்க ஒரு ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பதில் வரவே இல்லை. சட்டம், வரி, தணிக்கை என்று எல்லாப் பாடத்தையும் ஒரே இடத்தில் முடித்து, ஒரே மூச்சில் சி.ஏ. இன்டர் எழுத நினைப்பவர்களுக்கு, வீட்டில் செலவு செய்ய முடிகிறவர்களுக்கு, அந்த மாதிரி இடம் சரிப்படலாம். சி.ஏ. எடுத்தால் எப்படியும் இன்டர் முடித்து இரண்டு வருஷம் ஆடிட்டரிடம் பயிற்சியான ஆர்ட்டிகல்ஷிப் போக வேண்டும், அப்போது கீழே இறங்க வேண்டியிருக்கும். பி.காம். கணக்கில் தடுமாறுகிறவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்கள், சி.எம்.ஏ. எண்ணம் உள்ளவர்கள் குன்னூர் மாடிக்கே போகலாம். பி.காமில் 55 சதவீதம் எடுத்துவிட்டால் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டருக்குப் பதியலாம் என்பதையும் மனதில் வையுங்கள். கல்லூரி மதிப்பெண்ணை அலட்சியம் பண்ணாதீர்கள் என்று சார் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

புதியவர்களை ஜூனிலும் டிசம்பரிலும் சேர்க்கிறார். போனில் சேர முடியாது, ஞாயிறு காலை நேரில் போக வேண்டும். முதல் இரண்டு வகுப்புக்குக் கட்டணம் வாங்க மாட்டார். வீட்டில் இருக்கும் இலைச் சீட்டு, மண்டிச் சீட்டு, பாஸ்புக் எதுவாக இருந்தாலும் கையோடு எடுத்துப் போங்கள், வெறுங்கையோடு போனால் திருப்பி அனுப்பி எடுத்து வரச் சொல்வார்.